பேத்தை மீனின் நஞ்சு நரம்பைக் கொல்வதில்லை

பேத்தை மீனைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், "அதன் நஞ்சு மூளையைத் தின்றுவிடும்" என்பார் ஒருவர். "நரம்பெல்லாம் கருகிப்போகும்" என்பார் இன்னொருவர். செய்திகளிலும் "நரம்புகளைச் சிதைக்கும் கொடிய விஷம்" என்ற வரி தவறாமல் வந்துவிடும். கொடியது என்பதில் ஐயமில்லை. ஓரிரு மில்லிகிராம் உள்ளே போனாலே ஒரு மனிதரின் மூச்சு நின்றுவிடக்கூடும். ஆனால் அந்த நஞ்சு மூளையைத் தின்பதும் இல்லை, நரம்பைக் கருக்குவதும் இல்லை. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை: ஒரு வாயிலை அடைப்பது. அந்த ஒரு வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்வதால்தான், அறுபது ஆண்டுகளாக உலகின் நரம்பியல் ஆய்வுக்கூடங்கள் அதை அன்றாடக் கருவியாக வைத்திருக்கின்றன.

நஞ்சின் பெயர் டெட்ரோடோடாக்சின். பேத்தை மீனுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என ஒட்டிப்போன நான்கு பற்கள் உண்டு. அந்தக் குடும்பத்தின் விலங்கியல் பெயருக்கே 'நான்கு பல்' என்றுதான் பொருள். அதிலிருந்து எடுத்து நஞ்சுக்குப் பெயரிட்டவர் ஜப்பானிய அறிவியலாளர் யோஷிசுமி தாஹாரா, ஆண்டு 1909. ஆய்வுக்கூடத்தில் யாரும் முழுப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. டி.டி.எக்ஸ் என்பார்கள். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

நரம்பு மின்கம்பி இல்லை

டி.டி.எக்ஸ் என்ன செய்கிறது என்று புரிய வேண்டுமானால், நரம்பு எப்படிச் செய்தி அனுப்புகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். குழப்பத்தின் வேரே அங்கேதான் இருக்கிறது. நரம்பை மின்கம்பியாக நினைத்துக்கொண்டால், நஞ்சு அந்தக் கம்பியை அறுப்பதாகத்தான் கற்பனை ஓடும்.

நரம்பு கம்பி இல்லை. செங்கற்களை வரிசையாகச் செங்குத்தாக நிறுத்தி, முதல் கல்லைத் தட்டிவிடும் விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கல் இரண்டாவதன் மேல் சாயும், இரண்டாவது மூன்றாவதன் மேல் சாயும். கடைசிக் கல் வரை ஓடிப் போவது சாய்வுதான். எந்தக் கல்லும் தன் இடத்தைவிட்டு ஓடுவதில்லை. நரம்பிலும் ஓடுவது இப்படிப்பட்ட ஒரு சாய்வுதான். ஒரு வேறுபாடு உண்டு. விழுந்த செங்கல்லை நாம்தான் எடுத்து நிறுத்த வேண்டும். நரம்பின் 'கல்' விழுந்த ஒன்றிரண்டு மில்லி விநாடிக்குள் தானே எழுந்து நின்று அடுத்த தட்டலுக்குத் தயாராகிவிடும்.

அந்தக் கல் எது? நரம்புச் செல்லைச் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் இருபுறமும் உப்புநீர். உப்பு நீரில் கரையும்போது மின்னேற்றம் கொண்ட துகள்களாகப் பிரிகிறது. அந்தத் துகளுக்கு அயனி என்று பெயர். சோடியம் அயனி செல்லுக்கு வெளியே மிகுதி, உள்ளே அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பொட்டாசியம் அயனி இதற்கு நேர்மாறு. போதாக்குறைக்கு, ஓய்வில் இருக்கும் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் எதிர்மறையாக இருக்கிறது. சோடியம் அயனியோ நேர்மறை. உள்ளே இடம் காலி, உள்ளிருந்து இழுப்பும் உண்டு. ஆனால் கொழுப்புச் சவ்வை அதனால் ஊடுருவ முடியாது.

கதவு திறக்கக் காத்து அரங்கின் வாசலில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம்தான் இந்தச் சோடியம். கதவைத் திறந்தால் யாரும் அழைக்க வேண்டியதில்லை, தானே பாயும்.

அந்தக் கதவுக்குச் சோடியம் கால்வாய் என்று பெயர். சவ்வின் குறுக்கே பதிந்திருக்கும் ஒரு புரதம் அது. நடுவில் சோடியம் மட்டும் நுழையக்கூடிய ஒரு துளை. சுற்றியுள்ள மின்னழுத்தம் சற்றே உயர்ந்தால் கதவு திறக்கும். சோடியம் உள்ளே பாயும். பாய்ந்ததால் மின்னழுத்தம் இன்னும் உயரும். அந்த உயர்வு பக்கத்துக் கதவைத் திறக்கும். அடுத்த கல் சாய்ந்துவிட்டது என்று பொருள். ஒரு மில்லி விநாடி கழிவதற்குள் கதவு தானே அடைத்துக்கொள்கிறது. பிறகு பொட்டாசியம் கால்வாய்கள் திறக்க, பொட்டாசியம் வெளியே போய் மின்னழுத்தத்தைப் பழைய நிலைக்கு இறக்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் மொத்தத்தையும் நரம்புத் துடிப்பு என்று சொல்லலாம். பாடநூல்களில் செயல்நிலை மின்னழுத்தம் என்ற பெயரில் பார்த்திருப்பீர்கள்; பொருள் இதுதான்.

இதுவரை பார்த்தது: நரம்பில் ஓடுவது மின்கம்பியில் ஓடும் மின்சாரம் இல்லை, கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து செல்லும் தொடர். அதைத் தொடங்கிவைப்பதும் கொண்டுசெல்வதும் சோடியம் கால்வாய். இறக்கிவிடுவது பொட்டாசியம்.

புட்டியின் வாயில் தக்கை

இப்போது நஞ்சுக்கு வருவோம். டி.டி.எக்ஸ் ஒரு புரதம்கூட இல்லை, சிறிய மூலக்கூறு. அதன் ஒரு முனையில் நேர்மறை மின்னேற்றம் கொண்ட பகுதி இருக்கிறது. சோடியம் கால்வாயின் வெளிவாயிலிலோ, சோடியத்தை ஈர்ப்பதற்கென்றே எதிர்மறை மின்னேற்றம் வாய்ந்த அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கட்டும் துண்டுகள்) வளையமாக அமைந்திருக்கின்றன. டி.டி.எக்ஸின் அந்த முனை சோடியத்தைப் போலவே அங்கே ஈர்க்கப்பட்டு உள்ளே நுழையப் பார்க்கிறது. ஆனால் மீதி உடல் துளையைவிடப் பெரியது. எனவே பாதி வழியில் சிக்கிக்கொண்டு வாயிலை அடைத்துவிடுகிறது. தக்கை செருகிய புட்டி மாதிரி.

இந்த உவமையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தக்கை புட்டியை உடைப்பதில்லை. கால்வாய்ப் புரதம் முழுசாக இருக்கிறது. மின்னழுத்தம் ஏறினால் கதவை ஆட்டவும் செய்கிறது. சோடியம்தான் உள்ளே வரவில்லை. அடுத்தது, தக்கையைப் பசை போட்டு ஒட்டவில்லை. டி.டி.எக்ஸ் கால்வாயோடு நிலையான வேதிப் பிணைப்பு எதையும் ஏற்படுத்துவதில்லை. சுற்றியுள்ள நீரில் நஞ்சு தீர்ந்துபோனால் தக்கைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வெளியேறும், நரம்பு மறுபடி துடிக்கும்.

தக்கையை வெளியிலிருந்துதான் செருக முடியும் என்பதும் சோதித்து அறிந்ததுதான். கணவாய் மீனின் இராட்சத நரம்பிழையின் உட்புறத்தில் டி.டி.எக்ஸைச் செலுத்திப் பார்த்தார்கள். நரம்பு அசரவில்லை, துடித்துக்கொண்டே இருந்தது. அதே நஞ்சை, அதைவிட மிகக் குறைந்த அளவில், வெளிப்புறம் விட்டதும் அடங்கிப்போனது. பல் பிடுங்கும்போது மருத்துவர் போடும் மரத்துப்போகும் ஊசியும் சோடியம் கால்வாயைத்தான் தடுக்கிறது. ஆனால் அந்த மருந்து சவ்வைக் கடந்து உள்ளே போய், கால்வாயின் உட்பக்கத்திலிருந்து பிடிக்கிறது. இலக்கு ஒன்று, நுழையும் வழி வேறு.

ஓர் இறகும் ஒரு பாத்திரம் தண்ணீரும்

1774 செப்டம்பரில் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் நின்றிருந்தபோது, உள்ளூர்க்காரர் ஒருவரிடமிருந்து ஒரு மீன் வந்து சேர்ந்தது. இரவு உணவில் குக்கும் அவருடன் இருந்த இயற்கையியலாளர்களும் அதன் ஈரலையும் சினையையும் கொஞ்சம் சுவைத்தார்கள். அதிகாலையில் கைகால்கள் தளர்ந்து மரத்துப்போயின. எடை தெரியும் உணர்வே போய்விட்டதாகக் குக் தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்: தண்ணீர் நிறைந்த பாத்திரமும் ஓர் இறகும் கையில் ஒன்றுபோலவே இருந்தனவாம். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அந்த மீனின் குடலைத் தின்ற பன்றி செத்துக் கிடந்தது.

நஞ்சைப் பற்றி இதைவிடத் தெளிவான வருணனையை நான் படித்ததில்லை. எடையின் செய்தி கையிலிருந்து கிளம்புகிறது, வழியில் கற்கள் சாயவில்லை, மூளைக்குப் போய்ச் சேரவில்லை. அந்தச் செய்தி வரவில்லை என்று கவனித்து எழுதுகிற மூளை தெளிவாகவே இருக்கிறது.

நஞ்சு உடலுக்குள் போனவர்களுக்கு முதலில் உதடும் நாக்கும் மரக்கும், பிறகு விரல்கள். அதற்குப் பின் தசைகள் தளரும். தசையை அசைக்கும் நரம்பும் தசையும் சோடியம் கால்வாயை நம்பித்தான் வேலை செய்கின்றன. மூச்சை இயக்கும் தசையான உதரவிதானம் ஓய்ந்தால் மூச்சு நிற்கும். சாவு வருவது அப்படித்தான். மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையே ஒரு காப்புச் சுவர் உண்டு. டி.டி.எக்ஸ் அதை எளிதில் கடப்பதில்லை. அதனால் பலர் அசைய முடியாமல் கிடக்கும்போதும் நினைவோடு இருந்திருக்கிறார்கள். 'மூளையைத் தின்னும் நஞ்சு' என்ற பேச்சுக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டியதில்லை.

மாற்று மருந்து இன்றுவரை இல்லை. சமைத்தாலும் நஞ்சு அழியாது. அடுப்பின் சூடு அதற்குப் பொருட்டில்லை. மருத்துவமனையில் செய்வது மூச்சைக் காப்பாற்றுவதுதான்: செயற்கை சுவாசக் கருவியில் வைத்து, உடல் நஞ்சை வெளியேற்றும்வரை காத்திருப்பார்கள். முதல் 24 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள். மரத்துப்போன உதட்டுக்கும் உணர்வு திரும்புகிறது. நரம்பு உண்மையிலேயே கருகியிருந்தால் இது நடக்குமா?

இங்கே ஒரு கிளைக்கதை. ஹெயிட்டியில் மனிதர்களை 'ஜோம்பி' ஆக்கும் பொடியின் மூலப்பொருள் டி.டி.எக்ஸ் என்று 1980களில் ஒரு கருத்து பரபரப்பாகக் கிளம்பியது. நஞ்சை நன்கறிந்த ஆய்வாளர்கள் அந்தப் பொடிகளை ஆராய்ந்து, அவற்றில் பொருட்படுத்தும் அளவு நஞ்சே இல்லை என்று எழுதினார்கள். கதை மட்டும் சாகவில்லை.

மீன் அதைச் செய்வதில்லை

'பேத்தை மீனின் நஞ்சு' என்று தலைப்பில் எழுதினேனே, அதுவும் பாதி உண்மைதான். நஞ்சில்லாத தீவனம் மட்டுமே கொடுத்து, கட்டுப்பாடான தொட்டியில் வளர்த்த பேத்தை மீன்களில் நஞ்சு சேர்வதில்லை. கடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன, உணவுச் சங்கிலி வழியே மீனுக்கு வருகிறது என்பதே இன்று பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். நீலவளைய ஆக்டோபஸின் கடியில் இருப்பதும் இதே நஞ்சுதான். கலிபோர்னியாவின் நியூட் என்ற வாலுள்ள நீர்நில உயிரியிலும் இதுவே இருக்கிறது. நியூட்டில் கிடைத்ததை முதலில் வேறு நஞ்சாக நினைத்து வேறு பெயர் வைத்தார்கள். 1964-இல் ஸ்டான்ஃபோர்டில் மோஷரின் குழு ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒன்றாகப் போயிற்று. மூலக்கூறின் அமைப்பும் அதே ஆண்டில்தான் முடிவானது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உழைத்த குழுக்கள் கியோட்டோ மாநாட்டில் ஒரே விடையோடு வந்து நின்றன.

மீன் ஏன் சாவதில்லை? அதன் சோடியம் கால்வாயின் வாயிலில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் தக்கை பொருந்துவதில்லை. நியூட்டைத் தின்னும் சில பாம்புகளும் இதே தந்திரத்தால்தான் தப்பிக்கின்றன.

1964: சிங்கி இறாலின் நரம்பு

பிரிட்டிஷ் ஆய்வாளர்களான ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் கணவாயின் நரம்பில் அளந்து, முதலில் சோடியம் உள்ளே போகிறது, பிறகு பொட்டாசியம் வெளியே போகிறது என்று கணக்கோடு காட்டிவிட்டார்கள். 1963-இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் ஒரு கேள்வி தொங்கிக்கொண்டே இருந்தது. சோடியத்துக்கு ஒரு கதவு, பொட்டாசியத்துக்கு வேறு கதவா? அல்லது ஒரே கதவு முதலில் ஒன்றையும் பிறகு மற்றொன்றையும் விடுகிறதா? கதவை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கணக்கு இரண்டுக்கும் பொருந்தும்.

தோஷியோ நராஹாஷி ஜப்பானில் தவளைத் தசையில் டி.டி.எக்ஸைச் சோதித்து, அது சோடியத்தை மட்டும் தடுக்கிறது என்று சந்தேகித்திருந்தார். சந்தேகத்தை உறுதியாக்க அங்கே அவருக்கு வசதி போதவில்லை. அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஜான் மூரிடம் அந்த வசதி இருந்தது. மின்னழுத்தப் பிடி என்று அதைச் சொல்லலாம். சவ்வின் மின்னழுத்தத்தை நாம் விரும்பிய எண்ணில் பிடித்து நிறுத்திவைத்து, அப்போது எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று அளக்கும் ஏற்பாடு அது. வண்டியின் வேகத்தை ஒரே அளவில் நிறுத்திவைத்து, அதற்கு எஞ்சின் எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒப்பானது.

சிங்கி இறாலின் தடித்த நரம்பிழையை அந்தப் பிடியில் வைத்தால், திரையில் வரும் கோடு முதலில் கீழ்நோக்கிச் சட்டென ஒரு பள்ளம் இறங்கும்; அது உள்ளே பாயும் சோடியம். பிறகு மெல்ல மேலேறி ஒரு மேடாக நிற்கும். அது வெளியே போகும் பொட்டாசியம். டி.டி.எக்ஸை விட்டார்கள். பள்ளம் காணாமல் போயிற்று. மேடு அப்படியே நின்றது. கதவு ஒன்றாக இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா போயிருக்க வேண்டும்?

நராஹாஷி, மூர், ஸ்காட் மூவரும் இதை 1964-இல் வெளியிட்டார்கள். பொட்டாசியத்தை மட்டும் தடுத்துச் சோடியத்தை விட்டுவைக்கும் வேறொரு வேதிப்பொருளும் பின்னர் ஆய்வாளர்களின் கைக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, இரு வேறு கதவுகள் என்பதில் வாதம் தீர்ந்தது. நரம்பியலில் ஒரு நஞ்சு வெறும் நஞ்சாக இருப்பதை நிறுத்திக் கத்தரிக்கோலாக மாறியது அப்போதுதான் என்பேன். அதன்பின் உலகெங்குமிருந்து டி.டி.எக்ஸ் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன.

சுருக்கிச் சொன்னால்: டி.டி.எக்ஸ் சோடியம் கால்வாயின் வெளிவாயிலை அடைக்கிறது. பொட்டாசியம் கால்வாயைத் தொடுவதில்லை. உள்ளே வந்த சோடியத்தை மறுபடி வெளியேற்றும் சவ்வுப் பம்புகளையும் தொடுவதில்லை. ஒன்றை மட்டும் நிறுத்தி மற்றவற்றை ஓடவிடுவதால்தான் அது கருவி.

துடிப்பில்லாமல் பேச முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை அடுத்தது. ஒரு நரம்புச் செல் முடியும் இடத்துக்கும் அடுத்தது தொடங்கும் இடத்துக்கும் நடுவே மிகக் குறுகிய இடைவெளி உண்டு. அந்தச் சந்திப்புக்குச் சினாப்ஸ் என்று பெயர். துடிப்பு அந்த இடைவெளியைத் தாண்டுவதில்லை. துடிப்பு வந்து சேர்ந்ததும் நரம்பின் முனை ஒரு வேதிப்பொருளை உமிழ்கிறது. அதற்கு நரம்புக் கடத்தி என்று பெயர். அது மறுகரையைத் தொட்டு அங்கே புதிய மின்மாற்றத்தை எழுப்புகிறது.

முனை உமிழ்வதற்குக் காரணம் எது? பாய்ந்து வரும் சோடியமா? மின்னழுத்தம் ஏறுவதா? இயல்பான துடிப்பில் இரண்டும் ஒன்றாகவே வருவதால் பிரித்துப் பார்க்க வழியில்லை. பெர்னார்ட் காட்ஸும் ரிக்கார்டோ மிலெடியும் 1967-இல் கணவாயின் இராட்சத சினாப்ஸில் டி.டி.எக்ஸை விட்டுச் சோடியத்தை ஓட்டத்திலிருந்தே நீக்கினார்கள். துடிப்பு நின்றது, பேச்சு நின்றது. பிறகு நுண்ணிய மின்முனை வழியே தாங்களே மின்னோட்டம் செலுத்தி, முனையின் மின்னழுத்தத்தைச் செயற்கையாக உயர்த்தினார்கள். மறுகரை பதில் சொன்னது! கொஞ்சம் உயர்த்தினால் கொஞ்சம் பதில், கூட உயர்த்தினால் கூடுதல் பதில். கால்சியத்தை நீக்கினால் மட்டும் பதில் இல்லை.

சோடியம் வெறும் தூதுவர். மின்னழுத்தத்தை முனைவரை கொண்டுவந்து சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. மின்னழுத்தம் ஏறும்போது முனையின் கால்சியம் கால்வாய்கள் திறக்கும்; அவற்றின் வழியே உள்ளே வந்து உமிழச் சொல்வது கால்சியம். கால்சியம் கால்வாய்களை டி.டி.எக்ஸ் தொடாததால்தான் இந்தப் பிரிப்பே சாத்தியமாயிற்று.

மேசையில் ஒரு துளி

இன்று ஆய்வுக்கூடங்களில் டி.டி.எக்ஸ் எப்படிப் பயன்படுகிறது என்று ஒரு காட்சியாகச் சொல்கிறேன். மூளையிலிருந்து வெட்டிய, கால் மில்லிமீட்டர் அளவு தடிமனுள்ள சீவல் ஒன்று நுண்ணோக்கியின் அடியில் உப்புநீர்த் தொட்டியில் கிடக்கிறது. உடலுக்கு வெளியே இருந்தாலும், ஆக்சிஜன் கலந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை பல மணி நேரம் அது உயிரோடிருக்கும். முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயின் முனையை ஒரு செல்லின்மேல் ஒட்டவைத்து அதன் மின்னோட்டத்தைக் கேட்கிறோம். திரையில் ஒரே கூச்சல். பக்கத்துச் செல்கள் துடித்து அனுப்பும் செய்திகள் பெரிதும் சிறிதுமாக ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

ஓடும் நீரில் டி.டி.எக்ஸ் சேர்க்கிறோம். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் போதும். சில நிமிடங்களில் கூச்சல் அடங்குகிறது. சந்தை கலைந்த பின் வரும் அமைதி மாதிரி. கூர்ந்து பார்த்தால் கோடு முழுத் தட்டையாக இல்லை. நுனி கிள்ளியதுபோல் சின்னச் சின்னத் துளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுகின்றன. நரம்பு முனைகள் யாரும் சொல்லாமலே, துடிப்பு எதுவும் வராமலே, தற்செயலாக ஒவ்வொரு பொட்டலமாக நரம்புக் கடத்தியைச் சிந்திக்கொண்டிருப்பதன் அடையாளம் அவை. ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு பதில் வருகிறது என்று அளந்தால், அந்தச் சினாப்ஸ் எவ்வளவு வலுவானது என்று தெரிந்துவிடும். கூச்சலுக்கு நடுவே இதைக் கேட்கவே முடியாது.

இந்த அளவீட்டை வைத்து ஜினா டுரிஜியானோவின் குழு 1998-இல் ஒரு விந்தையைக் காட்டியது. வளர்ப்புத் தட்டில் இருந்த மூளைச் செல்களை டி.டி.எக்ஸால் இரண்டு நாள் மௌனமாக வைத்தார்கள். சினாப்ஸ்கள் அழிந்துபோகவில்லை, வலுத்தன. பேச்சு குறைந்ததும் செல்கள் காதைத் தீட்டிக்கொண்டன என்று சொல்லலாம். கூச்சலை மிகுதியாக்கினால் மாறாகக் காதைத் தாழ்த்திக்கொண்டன. நஞ்சு செல்லைக் கொல்வதாக இருந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க முடியாது.

என் சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. ஆய்வுக்குப் புதிதாக வந்த நாட்களில், ஒரு காலை முழுதும் சீவல் மாற்றிச் சீவல் மாற்றிப் பார்த்தேன். எந்தச் செல்லும் துடிக்கவில்லை. நீரில் உப்பு தவறிவிட்டதா, ஆக்சிஜன் நின்றுவிட்டதா என்று எல்லாவற்றையும் புதிதாகக் கலக்கினேன். நான்காவது சீவலும் வீணான பிறகு, முந்தைய நாள் மாலை அதே மேசையில் டி.டி.எக்ஸ் ஓட்டியது நினைவுக்கு வந்தது. குழாயை ஒப்புக்குத்தான் கழுவியிருந்தேன். குழாய்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவை மாட்டி, அதே 'செத்த' சீவலின்மேல் நல்ல நீரை அரை மணி நேரம் ஓடவிட்டேன். முதலில் ஒரு துடிப்பு. பிறகு இரண்டு. மதியத்துக்குள் பழைய கூச்சல் திரும்பிவிட்டது. தக்கை கழன்றால் புட்டி பழையபடி இருக்கும் என்று படித்திருந்தேன்; நம்பியது அன்றைக்குத்தான். அதன்பின் டி.டி.எக்ஸுக்கென்று தனிக் குழாய், அதில் சிவப்பு நாடா, கையில் எப்போதும் கையுறை.

கதவை எண்ணவும் அது உதவியது. ஒவ்வொரு தக்கையும் ஒரு கதவில்தான் செருகும் என்றால், நரம்பு எத்தனை மூலக்கூறுகளை எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தால் கதவுகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும் அல்லவா? 1967-இல் மூரும் நராஹாஷியும் இன்னொருவரோடு சேர்ந்து கணக்கிட்டார்கள்: சிங்கி இறாலின் நரம்பில், சதுர மைக்ரானுக்கு 13-க்கும் குறைவு. பிறகு மின் விலாங்கின் மின்னுறுப்பிலிருந்து கால்வாய்ப் புரதத்தைப் பிரித்தெடுக்கும்போதும், அது எந்தக் கரைசலில் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது டி.டி.எக்ஸ் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். 1984-இல் ஜப்பானில் நூமாவின் குழு அந்தப் புரதத்தின் முழு அமினோ அமில வரிசையையும் படித்துவிட்டது.

எல்லாக் கடல் நஞ்சும் ஒன்றல்ல

'நரம்பு நஞ்சு' என்ற சொல் விரியப்போட்ட வலை. சாக்சிடாக்சின் என்பது சில நுண்பாசிகளிலிருந்து சிப்பிகளுக்குள் சேர்வது, அதுவும் டி.டி.எக்ஸ் அடைக்கும் அதே வாயிலைத்தான் அடைக்கிறது. வேறொரு நுண்பாசியின் பிரெவெடாக்சின் நேரெதிர்: அதே கால்வாயை மூடவிடாமல் திறந்தே வைத்து நரம்பைத் துடிதுடிக்க வைக்கும். சிவப்புக் கடற்பாசி ஒன்றில் கிடைக்கும் கைனிக் அமிலம் சோடியம் கால்வாயை நேரடியாகத் தொடுவதே இல்லை. மூளையின் நரம்புக் கடத்தி ஒன்றைப் போல நடித்துச் செல்களை அளவுக்கு மீறித் தூண்டுகிறது. அந்தத் தூண்டலில் செல்கள் உண்மையாகவே செத்துப்போகலாம். 'நரம்பைச் சிதைக்கும்' என்ற வரி இதற்குப் பொருந்தும். டி.டி.எக்ஸுக்குப் பொருந்தாது.

அடைபடாத வாயில்கள்

மனிதருக்குச் சோடியம் கால்வாய் ஒன்பது வகை, 1.1 முதல் 1.9 வரை எண்ணிட்டிருக்கிறார்கள். இவற்றில் ஆறு, டி.டி.எக்ஸின் மிகச் சிறிய அளவுக்கே அடைபட்டுவிடும். மூன்று அடைபடா. இதயத் தசையில் உள்ள 1.5 அவற்றில் ஒன்று. வாயிலருகே ஓர் அமினோ அமிலம் வேறாக இருப்பதால் தக்கை இறுகப் பிடிப்பதில்லை. நஞ்சு உண்டவரின் மூச்சு நின்ற பிறகும் இதயம் சிறிது நேரம் அடித்துக்கொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம். கருவியில் மூச்சு கொடுத்துக் காப்பாற்ற முடிவதும் அதனால்தான்.

மற்ற இரண்டும், 1.8-உம் 1.9-உம், உடலின் வலியை உணரும் நரம்புகளில் இருக்கின்றன. அந்த நரம்புகளை ஆராய்ந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது ஒரு தொல்லைதான்: எவ்வளவு டி.டி.எக்ஸ் விட்டாலும் ஏதோ ஒரு சோடியம் ஓட்டம் மிச்சம் இருந்தது. பெயர் தெரியாத அந்த மிச்சத்தை 'டி.டி.எக்ஸுக்கு அடங்காதது' என்றே நெடுங்காலம் அழைத்தார்கள். 1996-இல் அதற்குரிய மரபணு பிடிபட்டது, இன்று 1.8 என்று நாம் எண்ணிடுவது அதைத்தான். மூளையிலும் இதயத்திலும் ஏறக்குறைய இல்லாமல், வலி நரம்பில் மட்டும் மிகுந்திருக்கும் ஒரு கதவு. அதை மட்டும் அடைத்தால் மயக்கமோ மருந்துக்கு அடிமையாவதோ இல்லாமல் வலியைக் குறைக்கலாமே என்ற எண்ணம் அங்கிருந்து எழுந்தது.

டி.டி.எக்ஸையே மைக்ரோகிராம் அளவில் புற்றுநோய் வலிக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் ஒரு பக்கம் நடந்தன. மறுபக்கம், 1.8 கால்வாயை மட்டும் குறிவைக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. டி.டி.எக்ஸால் அடைக்க முடியாத கதவுக்கு ஒரு பூட்டு.